இரவல் வாங்கிய ஏழு குரங்குக் குட்டிகள்

ஒரு காட்டில் ஒரு கல்வி மாவட்டம் இருந்தது. சிரிக்காதீர்கள், காடு என்றால் படிப்பு வேண்டாமா? ஜூன் மாதம் வந்தால் அங்கேயும் பள்ளிக்கூடம் திறக்கும், அங்கேயும் குட்டிகள் வாசலில் உருண்டு அழும், தாய்மார்கள் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்பாடா என்று ஓடுவார்கள்.

அந்த மாவட்டத்தின் குளக்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, மணி அடிப்பவர் எல்லாமே கௌதாரி செங்கமலம் டீச்சர் ஒருத்தர்தான். பிள்ளைகள் பதினெட்டு: ஐந்து முயல், ஆறு அணில், நாலு எலி, இரண்டு முள்ளம்பன்றி, ஒரே ஒரு ஆமை.

இந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் இருபத்தைந்து பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் மூடப்படும். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப்படுவார்கள்.

பக்கத்துப் பள்ளி எங்கே இருக்கிறது? காட்டாற்றுக்கு அக்கரையில். ஆனி மாசத்தில் அந்த ஆறு பெரிய விலங்குகளையே புரட்டிப் போடும். எலிக்குட்டிகள் என்ன செய்யும்? டீச்சருக்கு இரண்டு நாள் இரை இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கரைக்குப் பறந்துபோய், அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கீரி துரைக்கண்ணுவிடம் கேட்டார். "சார், ஏழு பிள்ளைங்க இரவல் வேணும். ஒரே ஒரு மத்தியானம்."

கீரி கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "முயல் தரவா, குரங்கு தரவா?"

"ஆத்தைத் தாண்டணுமே சார்."

"அப்போ குரங்கு. மரத்து மேலயே வந்துடும். வாழைப்பழம் மட்டும் காட்டிடாதீங்க, வருகைப் பதிவேட்டையே கிழிச்சுடும்."

ஆய்வு நாளும் வந்தது. மாவட்டக் கல்வி அலுவலர் மிளா மான், காலையில் அக்கரைப் பள்ளியைப் பார்த்துவிட்டு மத்தியானம் குளக்கரைக்கு வந்தார். கொம்பில் ஒரு படிவம் தொங்கியது. மேலே 'புதிய கல்வியாண்டு: சாதனைகளும் சவால்களும்' என்று இருந்தது. சவால்கள் பக்கம் நிரம்பி ஓரத்திலெல்லாம் எழுதியாகிவிட்டது. சாதனைகள் பக்கம் சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை அதை மேலிடத்தில் கொடுத்தாக வேண்டும். பாவம், அவர் கவலை அவருக்கு.

மிளா எண்ணினார். இருபத்தைந்து. சரியாக இருந்தது. போக வேண்டியதுதானே? போகாமல் ஒரு குரங்குக் குட்டியைக் குனிந்து பார்த்தார்.

"உன்னைக் காலையில அக்கரையில பார்த்தேனே?"

"ஆமா சார்! காலைல அந்தப் பள்ளிக்கூடம், மத்தியானம் இந்தப் பள்ளிக்கூடம்!" என்றது அது, பெருமையாக.

போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் இறக்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆனால் மிளாவின் காது இரண்டும் விறைத்து நின்றன.

"ஒரு பிள்ளை, ரெண்டு பள்ளிக்கூடம்! அப்போ மொத்த மாவட்டத்துலயும் இப்படிச் செஞ்சா, பிள்ளைங்க எண்ணிக்கையே ரெண்டு மடங்காகிடுமே! டீச்சர், இது உங்க யோசனையா?"

டீச்சர் இறக்கைக்குள்ளிருந்து முகத்தை எடுக்கவில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, சாதனைகள் பக்கத்தில் மிளா முதல் வரியை எழுதினார்.

ஒரே வாரத்தில் 'இருபள்ளித் திட்டம்' வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் காலையில் ஒரு பள்ளி, மத்தியானம் பக்கத்துப் பள்ளி. குளக்கரைப் பள்ளிக்கூடத்தை யாரும் மூடவில்லை, மாலை போட்டார்கள். பதினெட்டுப் பிள்ளைகளும் தினம் ஆற்றைக் கடந்தார்கள். திங்கட்கிழமை கிளம்பிய ஆமை புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. இரண்டு பள்ளியிலும் அதற்கு முழு வருகை. வெள்ளிக்கிழமை இரண்டு எலிக்குட்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு வேர் குறுக்கே கிடந்ததால் தப்பித்தன.

அன்றைக்கே டீச்சர் மிளாவின் அலுவலகத்துக்குப் போனார். நடந்தது நடக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஐயா, அந்த ஏழு குரங்கும் இரவல். நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. பிள்ளைங்க ஆத்துல இறங்க வேணாம், திட்டத்தை நிறுத்திடுங்க!"

மிளா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க டீச்சர். இரவல்னு எனக்குத் தெரியாதா? தெரியாமலா இத்தனை வருஷம் கொம்பு வளர்த்தேன்? பக்கத்து மூணு மாவட்டத்துல இருந்து திட்டத்தைப் பார்க்க வர்றாங்க, இப்போ போய் நிறுத்தச் சொல்றீங்களே!"

"பிள்ளைங்க செத்துடுங்கய்யா!"

அது மட்டும் மிளாவுக்கும் உறைத்தது. "சரி. சின்னப் பிள்ளைங்க ஆத்தைத் தாண்ட வேணாம். ரெண்டு பதிவேட்டிலயும் பேர் மட்டும் இருந்தாப் போதும்."

டீச்சருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"இருங்க டீச்சர். சொன்ன பொய்யை ஒத்துக்கிற மனசு நம்ம மாவட்டத்துல வேற யாருக்கு இருக்கு? நாளையில இருந்து நீங்கதான் திட்ட ஒருங்கிணைப்பாளர். பன்னிரண்டு பள்ளிக்கும் போய்ப் பிள்ளைங்களை எண்ணணும்."

"ஐயையோ, என் பிள்ளைங்களுக்கு யாரு பாடம் எடுக்கிறது?"

மிளா கணக்குப் போட்டுப் பார்த்தார். "பதிவேட்டுப்படி அவங்க அரை நாள்தானே அங்க இருக்காங்க? அரை டீச்சர் போதும். ஆனா அரை டீச்சர்னு ஒரு பணியிடமே கிடையாதே!" வருத்தமாக அதைச் சவால்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் புது வேலையில் டீச்சர் முதலில் குளக்கரைக்குத்தான் போனார். பதினெட்டும் நனையாமல், உலர்ந்த உடம்போடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று விடாமல் எண்ணினார். பதிவேட்டில் இருபத்தைந்து என்று எழுதினார்.

"டீச்சர், இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டது ஒரு அணில், பலகையை எடுத்துக்கொண்டு.

"எண்ணிட்டுப் போகத்தான் கண்ணு வந்தேன்" என்றார் டீச்சர். பதிவேட்டை மூடிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் பறந்துவிட்டார்.

நீதி: செய்த தப்பைத் தைரியமாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் அது அதற்குள் அரசுத் திட்டமாகிவிட்டதா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.