மாப்பிள்ளை சொன்ன மூக்கு

விருத்தாசலம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிரபாகரன் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற கொளஞ்சிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, பூர்ணிமா மூவரும் சுகம். பீங்கான் ஏற்றும் என் லோடு வண்டிதான் சுகமில்லை.

பரிசம் போட்ட அன்று, பாயசம் குடித்துக்கொண்டே வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, "மாமா, முகம் சப்பையா இருக்குது, காத்து மோதி டீசல் வீணாவுது. மேல ஒரு வளைவு வச்சா காத்து வழுக்கிட்டுப் போயிடும்" என்றீர்கள். சென்னைக் கார் கம்பெனியில் காற்றை ஊதவிட்டு வண்டிக்கு உருவம் பார்க்கிறவர் நீங்கள். மாப்பிள்ளை முதன்முதலாகச் சொன்ன வார்த்தை, தட்டலாமா? வளைவா, வழவழன்னு வேணும்னா நம்ம ஊர்ல பீங்கான்தானே! சூளை மாணிக்கவேலிடம் சொல்லி, வெள்ளை வெளேரென்று மூக்கு மாதிரி ஒரு வளைவு சுட்டு வாங்கி, டிரைவர் தலைக்கு மேலே போல்ட்டு போட்டு மாட்டினேன். தூக்கி வைக்க நாலு ஆளு. அன்னையிலேர்ந்து அந்தக் கனத்துக்கே டீசல் கூடக் குடிக்குது. மூக்கு உடைஞ்சிடுமோன்னு சைக்கிளுக்கெல்லாம் வழிவிட்டு ஓட்டுறேன். அந்த வேகத்துக்குக் காத்து என்னைக் கண்டுக்கவே இல்ல. சேத்தியாத்தோப்பு டீக்கடையில, "என்னங்க, கக்கூஸைக் கூரை மேல வச்சிருக்கீங்க?"ன்னு கேக்குறாங்க. மனசு வுட்டுப் போச்சுங்க.

எங்கள் ஊர் வழக்கப்படி குறையைச் சீட்டில் எழுதிச் சாமி முன் கட்ட, கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது கட்டப் போனேன். எழுதித் தருகிறவர், "யாரு மேல பிராது?" என்றார். உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா? "காத்து மேல" என்றேன். "காத்துக்கு எந்த ஊருன்னு போடுறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது பூர்ணிமா, "அந்த வண்டியில சீர் வந்துச்சுன்னா நான் மண்டபத்துக்கே வரல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கழட்டினா உங்களுக்கு அவமரியாதை, கழட்டலன்னா கல்யாணமே இல்ல. பெத்தவன் என்னதான் பண்ணுவேன், சொல்லுங்க? கழற்ற உத்தரவு தரும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கம். எந்தக் காற்றும் குறுக்கே வராமல் நீங்களும் பூர்ணிமாவும் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
கொளஞ்சிநாதன்

பி.கு.: இதைத் தபாலில் போட வண்டியை எடுத்தேன். தெருமுனை வேகத்தடையில் மூக்கு தானாக விழுந்து நொறுங்கிவிட்டது. நான் கழட்டலீங்க, கொளஞ்சியப்பர் சத்தியமா. வூட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுதுறேன். பூர்ணிமா கதவைத் திறந்துட்டா, சிரிக்கிறா, புடவை எடுக்கக் கிளம்பிட்டா. ஆகையால் உத்தரவு வேண்டாம். ஒன்னே ஒன்னு, தாலி கட்டுற வரைக்கும் வண்டியைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க மாப்பிள்ளை. சொன்னா செஞ்சிடுவேன்.