கோசலை ஒரு பூவும் பறிக்கவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குள் ஒரு பூவும் வரக்கூடாது என்று முடிவெடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டே எடுத்த முடிவு. வாயில் நுரை இருக்கும்போதுதான் மனைவிக்கு எதிராக எதையும் என்னால் துணிந்து சொல்ல முடியும். அவளுக்கு அது விளங்காது.

என் மனைவி கோசலைக்குப் பூவைக் கண்டால் கை நிற்காது. எல்லாம் சாமிக்குத்தான். பாரிசின் லா சப்பலில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் காவல்காரி மரி-லூயிஸ் வாசலில் சாடி வைத்துப் பூ வளர்த்தாள். ஒரு விடியலில் அத்தனையும் எங்கள் பிள்ளையார் படத்தில் ஏறிவிட்டன. பறித்தவள் கோசலை. படியில் அகப்பட்டவன் நான். என் பிரெஞ்சில் பெரும்பகுதி, மன்னிப்புக் கேட்கும் ‘பார்தோன்’ என்ற ஒரு சொல். அன்று நான் சொன்ன அளவு பார்தோனைப் பாரிசில் பிறந்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றும் மரி-லூயிஸ் வாசலில் நின்றால், அவள் உள்ளே போகும்வரை எதிர்க்கடைக் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிப்பட்டவளுக்கு, நகரத் தோட்டம் ஒன்றில் அந்த ஞாயிறு யப்பான்காரரின் செரிப்பூத் திருவிழா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் சித்திரை வருஷப்பிறப்பு வேறு.

“செரிப்பூப் பாக்கப் போவமே?”

“சரி.”

“ஓம், செரிதான்.”

“நான் சரி எண்டு சொன்னனான்.”

“நானும் செரி எண்டுதானே சொல்லுறன்?”

வாயைக் கொப்பளித்துவிட்டேன். துணிவும் சேர்ந்து போகுமுன் சொன்னேன்.

“அங்கை ஒரு பூவிலையும் கை வைக்கக் கூடாது. காவலாளி விசில் அடிச்சால் நான் எங்கை போய் ஒளியிறது?”

“வைக்கேல்லை.”

“பிள்ளையாராணை?”

“பிள்ளையாராணை, மரத்திலை கை வைக்க மாட்டன்.”

“கீழை கிடக்கிறதை?”

“உங்களுக்கென்ன விசரே? நிலத்திலை விழுந்த பூவை ஆரும் சாமிக்கு வைப்பினமே?”

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கோசலை பிள்ளையார்மேல் ஆணையிட்டால் மாறமாட்டாள். மரத்தில் இருப்பதைத் தொட மாட்டாள். நிலத்தில் கிடப்பது ஆகாது. பிறகு பூ எந்த வழியால் வீட்டுக்கு வரும்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் கணக்குப் பிழைக்காது.

தோட்டத்தில் மரங்களைவிடச் சனம் கூட. இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நின்ற மரங்களுக்கு எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். படம் எடுப்பதற்காம். யப்பான் உடுப்புப் போட்டவர்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர். உண்மையான யப்பான்காரர் இருவர் சாதாரணக் காற்சட்டையோடு ஒரு மூலையில் இருந்து பாண் தின்றார்கள். பூவை நிமிர்ந்து பார்த்தவள் கோசலை ஒருத்திதான். நான் அவளுடைய கையைப் பார்த்தேன்.

“இஞ்சேருங்கோ, அந்த மரத்துக்குக் கீழை நில்லுங்கோ. ஒரு படம் எடுப்பம்.”

எனக்குக் கூச்சம். முப்பது வருசமாக அவள் என்னைத் தனியாகப் படம் எடுத்ததில்லை. என் முகம் வந்தால் படம் பழுதாகும் என்பது அவளுடைய கொள்கை. இருந்தும் போய் நின்றேன்.

“தலையிலை கிடக்கிற தொப்பியைப் பின்னாலை தள்ளுங்கோ. முகம் தெரியேல்லை.”

நான் போட்டிருந்தது மகன் கழித்துவிட்ட கோட்டு. கழுத்தோடு சேர்த்துத் தைத்த பெரிய தொப்பி அதில் இருந்தது. தள்ளினேன். அது முதுகில் போய்த் தொங்கியது.

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.”

“இப்ப?”

“பொறுங்கோ, காத்து வரட்டும்.”

“காத்து என்னத்துக்கு?”

“மயிர் பறந்தால் வடிவு.”

என் தலையில் பறப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் பாராட்டை மறுத்துப் பழக்கமும் இல்லை. காற்று வந்தது, பூக்கள் கொட்டின. அவள் போனைப் பிடித்தபடி “அசையாதேங்கோ, நல்லா விழுகுது” என்றாள். ‘விழுகுது’ என்றால் படம் நன்றாக விழுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்படியே மரம் மரமாக நிறுத்தினாள். பன்னிரண்டு மரம். ஒன்றிலும் அவள் கை படவில்லை.

வெளிவாசலில் காவலாளி நின்றான். வாழ்வில் முதல்முறையாக ஒரு காவலாளியிடம் நானாகவே போனேன். கோசலையின் பையை வாங்கி, அகலத் திறந்து காட்டினேன். தண்ணீர்ப் போத்தல், திருநீற்றுச் சிமிழ், ஒரு சால்வை. வேறொன்றும் இல்லை. அவன் பையைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்து, “திறே ஜோலி, முசியே” என்றான். மிக அழகு என்கிறான். பின்னால் நின்றது கோசலை. அவளுடைய சேலைக்காக நான் “மெர்சி” என்று நன்றி சொன்னேன்.

மெத்ரோவில் இடம் இருந்தது. உட்காரப் போனேன்.

“இருக்காதேங்கோ! இடுப்பு நாரி பிடிக்கும்.”

“நிண்டால்தானே பிடிக்கும்?”

“நேராய் நில்லுங்கோ. குனியவும் வேண்டாம்.”

நிமிர்ந்து நின்றேன். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பெட்டியில் பாதிப்பேர் சிரித்தார்கள். நேர்மையாக நடப்பவனின் முகத்தில் ஒரு களை வரும் என்பது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வந்தபோது மரி-லூயிஸ் வாசலில் நின்றாள். கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பாமல் அவளுக்கு நேரே “பொன்சூர்” சொல்லி, அவளைக் கடந்து போனேன். பின்னால் அவள் “ஓ!” என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னேன்: “பாத்தீரே? ஒரு பூவும் இல்லாமல் வந்திட்டம். எங்கை, என்ரை படங்களைக் காட்டும்.”

“என்ன படம்? போன் விடியவே செத்துப் போச்சு.”

“அப்ப மரம் மரமாய் ஏன் என்னை நிப்பாட்டினீர்?”

“திரும்புங்கோ.”

திரும்பினேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டம் தயாராக இருந்தது. கோசலை என் முதுகுத் தொப்பியை இரு கையாலும் பிடித்துக் கவிழ்த்தாள். தட்டம் நிறைந்தது. இரண்டாவது தட்டமும் நிறைந்தது.

“மரத்திலை கை வைக்கேல்லை. நிலத்திலையும் படேல்லை. சுத்தமான பூ” என்றாள்.

ஊரில் உள்ளவர்கள் காதில்தான் பூ வைப்பார்கள். இவள் என் பிடரியில் வைத்து, மெத்ரோவில் ஏற்றி, காவலாளிக்கும் காட்டி, மரி-லூயிசுக்கு முன்னாலும் நடத்திக் கொண்டுவந்திருக்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுத் துஷாந்தி, வருஷப்பிறப்புக்குப் பலகாரம் கொண்டுவந்தாள். தட்டங்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

“எங்காலை வந்தது அக்கா இவ்வளவு பூ?”

கோசலை கதையைச் சொன்னாள். துஷாந்தி என்னைச் சுற்றிவந்தாள். தொப்பியை இழுத்து, உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்தாள்.

“அக்கா, வாற ஞாயிறு அண்ணையை ஒருக்கா இரவல் தருவீங்களே? எங்கட மனுசன்ரை கோட்டிலை தொப்பி இல்லை.”

கோசலை என்னைக் கேட்கவில்லை.

“கொண்டு போ பிள்ளை. நனைக்காமல் திருப்பித் தந்திடு.”