கள்ளிக்கு ஆறு மணிக்கு விளக்கணைப்பு

நெருப்பு, சக்கரம், திங்கட்கிழமைக் காலை மீட்டிங் ஆகிய மாபெரும் கண்டுபிடிப்புகளின் வரிசையில், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் இயங்கும் 'ஆனந்தமய சொல்யூஷன்ஸ்' நிறுவனத்தின் 'பசுமைப் பரிவுத் திட்டம்' ஒருநாள் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படும். ஊழியர்கள் வாடிப்போகிறார்கள் என்று ஒரு சர்வே சொன்னது. நிர்வாகம் அவசரமாகக் கூடி, ஆழ்ந்து ஆராய்ந்து, வாடாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது என்று முடிவெடுத்தது.

வந்தது ஒரு கிறிஸ்துமஸ் கள்ளி. அதைத் தூக்கிக்கொண்டு 'மானுட மகிழ்ச்சித் துறை'யின் தலைவர் பத்ரிநாத், அட்மின் பிரிவில் இருந்த மௌரீனின் மேசைக்கு வந்தார்.

"மௌரீன், இது கிறிஸ்துமஸ் கள்ளி. நீங்க கிறிஸ்டியன். இன்னிலேருந்து நீங்கதான் இதுக்கு இன்சார்ஜ்."

"சார், எங்க வீட்ல மணி பிளாண்ட்டே செத்துப்போச்சு சார்."

"கள்ளி சாகாதும்மா. தண்ணி கேக்காது, நிழல் கேக்காது, லீவு கேக்காது. ஐடியல் எம்ப்ளாயி!"

ஐடியல் எம்ப்ளாயியை மேற்கு வெயில் கொளுத்தும் ஜன்னலில் வைத்தார்கள். ஒரே வாரத்தில் அது சிவந்து, சுருங்கி, ராஜினாமாக் கடிதம் எழுதப்போவதுபோல் தொங்கிப்போனது. மௌரீன் போனில் தேடிப் படித்தாள். பாலைவனத்துக்கும் இந்தக் கள்ளிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரேசில் காட்டு மரக்கிளைகளில் தொற்றி, தட்டையான கணுக்களைச் சங்கிலிபோலத் தொங்கவிட்டுக்கொண்டு வாழும் ஜாதி. கூசும் வெயில் ஆகாது. வடிகட்டிய வெளிச்சம் வேண்டும். மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. காற்றில் ஈரம் வேண்டும்.

"ஹௌதா? அப்படியா?" என்று அதிர்ந்த பத்ரிநாத், அன்று மாலையே நீராவி விடும் இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். டேங்கர் வராமல் ஊழியர்களின் குழாய் வறண்டு கிடந்த சமயம் அது. கள்ளிக்குத் தண்ணீர் விட்டார்கள். ஊழியர்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். கள்ளி பச்சை பிடித்தது.

அக்டோபரில் மேலிடத்து உத்தரவு வந்தது. டிசம்பரில் அமெரிக்க கிளையண்ட் வருகிறார். அவர் வரும்போது செடி பூத்திருக்க வேண்டும்.

பூக்கவைப்பது எப்படி என்று மௌரீன் மறுபடி படித்தாள். ஒரு வாக்கியத்தில் அவள் கண் நின்றுவிட்டது. மாலையிலிருந்து மறுநாள் காலைவரை முழு இருட்டு வேண்டும். இடையில் ஒரு பல்பு எரிந்தால்கூட மொட்டு வைக்காது. சில வாரங்கள் இப்படிக் காத்தால்தான் பூ.

லிங்கராஜபுரத்துச் சர்ச் பாடகர் குழுவில் மௌரீன் ஆல்டோ என்னும் கீழ்க்குரல் பாடுகிறவள். 'பாடுகிறவள்' என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒன்பது மணிவரை வேலை, பிறகு பஸ், சில்க் போர்டு நெரிசல். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஒத்திகைக்கு வரவில்லை என்று அவள் பெயரை அடித்துவிட்டார்கள். இந்த வருஷமும் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார் குழுத் தலைவர் மதலைமுத்து.

அடுத்த மீட்டிங்கில் அவள் எழுந்து நின்று, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள்:

"சார், ஒத்தைச் செடின்னா அதுக்கு டிப்ரஷன் வந்துடும் சார். எல்லார் தலைக்கு மேலயும் ஒண்ணு தொங்கவிட்டா நல்லா பூக்கும்."

இது எந்தத் தோட்டக்கலை நூலிலும் இல்லாத உண்மை. ஆனால் பத்ரிநாத் பரவசமானார். ஊழியர்களின் தலைக்கு மேல் எதையாவது தொங்கவிடும் யோசனைகளை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. வாரக் கடைசிக்குள் ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு தொட்டி தொங்கியது. இப்போது அலுவலகத்தில், மௌரீனையும் சேர்த்து, ஏகப்பட்ட கள்ளிகள்.

அதற்குப் பிறகுதான் அவள் இருட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ஆறு மணிக்கா? ஃப்ளோர் முழுக்கவா?" பத்ரிநாத்தின் குரல் கீச்சிட்டது. "கம்ப்யூட்டர் வெளிச்சத்துல வேலை பாக்கட்டுமே?"

"அந்த வெளிச்சமும் ஆகாது சார்."

"அப்ப வேலையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பண்ணட்டும்."

"கிளையண்ட் டேட்டா வாசலைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சார் சர்க்குலர் போட்டீங்க?"

பத்ரிநாத் மேலே பார்த்தார். கள்ளிகள் தொங்கின. மேலிடத்து உத்தரவும் தொங்கியது. "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி விளக்கணைப்பு ஆணையில் கையெழுத்திட்டார்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு விளக்குகள் அணைந்தன. ஊழியர்கள் வாசலில் வந்து நின்று, வெளியே பகல் மிச்சமிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். ஹெப்பகோடியில் குடியிருக்கும் கணேசமூர்த்திக்கு எந்தப் பக்கம் போவது என்றே புரியவில்லை.

"நேரா வீட்டுக்குப் போங்க கணேஷ்," என்றாள் மௌரீன்.

"போலாம். என் பொண்ணு முழிச்சிருப்பாளே, என்ன பேசறது மேடம்? போன ஞாயித்துக்கிழமை என்னப் பாத்து 'வாங்க அங்கிள்'னா."

இரண்டு வாரத்தில் அங்கிள், அப்பாவாகப் பதவி உயர்வு பெற்றார். மௌரீன் ஒத்திகைக்குப் போனாள். மதலைமுத்து அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "வேலை போயிடுச்சாம்மா?" என்று பரிவோடு கேட்டார். இல்லை என்று சொல்லி நம்பவைப்பதற்குள் பாதி ஒத்திகை முடிந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், அலுவலக வேலையில் எதுவும் தேங்கவில்லை. அது கள்ளியிலிருந்து வரும் 'நேர்மறை அலைகளின்' விளைவு என்று நிர்வாகம் குறித்துக்கொண்டது.

இந்தப் பொற்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பத்ரிநாத் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே பறவைக் கடையில் ஒரு கூண்டின் மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. உள்ளே கிளி இரவென்று நம்பித் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே கடைக்காரர் ஜகஜோதியாக விளக்கெரிய வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் சிலருக்கு ஞானம் கிடைத்திருக்கிறது. பத்ரிநாத்துக்குக் கிளிக்கூண்டடியில் கிடைத்தது.

திங்கட்கிழமை, தொட்டிக்கு ஒன்றாகக் கறுப்பு உறைகள் தைத்து வந்தன. ஆறு மணிக்கு மணி அடித்தது. மௌரீன் ஸ்டூலில் ஏறி, ஒவ்வொரு கள்ளிக்கும் உறையை மாட்டிவிட்டாள். விளக்குகள் எரிந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. கணேசமூர்த்தி பையைத் தோளில் மாட்டியவர், மெதுவாகக் கழற்றி வைத்தார்.

"சார்," என்றாள் மௌரீன் ஸ்டூலில் நின்றபடியே, "என் சைஸ்ல ஒண்ணு தைச்சுத் தருவீங்களா?"

"ஜோக் அடிக்காதீங்க மௌரீன். மனுஷங்களுக்கு அந்த மாதிரி பாலிசி எதுவும் கிடையாது."

அந்த வாரமே சர்ச் குழுவில் மௌரீனின் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள்.

டிசம்பரில் அலுவலகக் கூரை முழுவதும் செக்கச்சிவந்த பூக்கள் தொங்கின. கிளையண்ட் வந்தார். வரவேற்பு கீதம் மௌரீன் பாட வேண்டும் என்று பத்ரிநாத் ஏற்பாடு செய்திருந்தார். சர்ச்சில் பாடுகிறவள் ஆயிற்றே. அவளுக்குத் தெரிந்தது ஆல்டோ பகுதி மட்டும். நாலு குரலில் ஒரு குரலைத் தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டு, பதில் வராமல் காத்திருப்பதுபோல இருக்கும். அவள் முடிவுவரை பாடினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அற்புதமான பூக்கள்! என்ன ரகசியம்?" என்று கிளையண்ட் கேட்டார்.

பத்ரிநாத் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்:

"ரொம்ப சிம்பிள் சார். எந்த உயிரா இருந்தாலும், சாயந்தரம் ஆனா விளக்கை அணைச்சு நிம்மதியா விட்டுடணும். இல்லேன்னா அது பூக்கவே பூக்காது."

கிளையண்ட் நெகிழ்ந்துபோனார். அந்த வாசகம் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது. அதன் கீழே ஊழியர்கள் இரவு ஒன்பது மணிக்குக் கையெழுத்திட்டு வெளியேறுகிறார்கள். ஆகவே, ஒரு உயிருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் நடந்துகொள்கிற நிறுவனம் இது என்று இனி யாரும் பழி சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும்.