எங்கள் ஹாலில் ரோஸ் கூடாது

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஹால் ரோஸ் கலரில் இருந்தால் என் பெயர் தியோடர் இல்லை. போன மாதம் நான் போட்ட சபதம் இது. பிரேசர் டவுனில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், என் கோபம் பொல்லாதது. என் மனைவி ரூபினியிடம் மட்டும் கேட்காதீர்கள். சிரிப்பாள்.

கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதனால் ஷேட் கார்டும் கையுமாக வந்து நின்றாள்.

"இந்த லைட் ரோஸ் பாருங்க. கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு."

"ஹாலா, பிரசவ வார்டா?"

"ஏன், அழகாத்தானே இருக்கு?"

"கேக்குக்கு அழகு. குழந்தை சொக்காய்க்கு அழகு. நான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடத்துக்கு எதுக்குடி ரோஸ்?"

"சரி, கத்தாதீங்க. வேற எதுவானாலும் பார்த்துக்கலாம். இந்தச் சாம்பல் மட்டும் வேணாம். எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை."

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். சாம்பல்தான். கல்யாணமான நாளிலிருந்து என் டூத் பிரஷ் கலரைக்கூட அவள்தான் தேர்ந்தெடுக்கிறாள். வாசல் மிதியடி அவள் இஷ்டம், என் லுங்கி அவள் இஷ்டம். நாலு சுவராவது என் பேச்சைக் கேட்க வேண்டாமா?

நேற்று அவள் ஒக்கலிபுரத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போனாள். அவள் ஆட்டோ முனை திரும்புவதற்குள் நான் பெயிண்ட் கடையில் நின்றேன். வீட்டுக்கு வந்த பெயிண்டர் சின்னப்பா சாம்பல் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மேடம் ரோஸ்னாங்களே ஸார். சும்னே கிரிகிரி எதுக்கு, வீட்டுல வம்பாயிடும்."

"வீடு யாரோடதுய்யா?"

"ஹவுஸ் ஓனரோடது ஸார்."

கோபத்தில் வாளியை ஒரு உதை விட்டேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஆனால் சாயங்காலத்துக்குள் ஹால் முழுக்கச் சாம்பல். நொண்டிக்கொண்டே ஜெயித்தேன்.

இன்று மதியம் ரூபினி வந்தாள். அவள் போடப்போகும் சண்டைக்குப் பதிலெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாயிருக்குங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்திக்குப் பிடிக்காததைத் தேடி வாங்கி வந்து அடித்தால் திட்ட வேண்டாமா? அது என்ன மரியாதை?

அவள் பாட்டுக்குப் பீரோவைத் திறந்தாள். லைட் ரோஸில் ஜன்னல் திரை வந்தது. லைட் ரோஸில் சோபா உறை, குஷன், மேஜை விரிப்பு. டிவிக்குக்கூட ஓரத்தில் லேஸ் வைத்த ஒரு பாவாடை. மளமளவென்று மாட்டி முடித்தாள். அந்தச் சாம்பல் சுவரில் அந்த ரோஸ், சொல்லவே வயிறு எரிகிறது, பிரமாதமாக இருந்தது.

"சாம்பலுக்கு இதுதாங்க எடுப்பு. சுவரும் ரோஸா இருந்தா இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது."

"இவ்வளவையும் எப்போடி தைச்சே?"

"போன மாசம்."

"நான் பெயிண்ட் வாங்கினதே நேத்துதானே?"

"நான் சாம்பல் வேணாம்னு சொன்னது போன மாசமாச்சே. கொஞ்சம் எந்திரிங்க, உங்க நாற்காலிக்கும் உறை இருக்கு."