பதினோரு வீட்டுச் சாப்பாடு

பரளச்சியில் ஒரு கால்பந்து அணி இருக்கிறது என்கிற விஷயம் பரளச்சிக்குத் தெரியாது. மாரீஸ்வரனுக்குத் தெரியும். அவர்தான் அதன் செயலாளர், பொருளாளர், பந்துக்குக் காற்றடிக்கிறவர், எல்லாம். ‘கரிசல் எஃப்.சி.’ என்று பெயர். மாவட்ட லீக்கில் இரண்டாவது டிவிஷன். மூன்றாவது என்று ஒன்று இல்லாததால் அதற்குக் கீழே போகவும் வழியில்லை.

அவர் பிழைப்பு, பந்தல் நாற்காலி பாத்திர வாடகை. மேட்ச் நடக்கிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கடையில் உள்ள சிவப்பு நாற்காலிகளை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கம்மாய்க்கரை மைதானத்தைச் சுற்றி வரிசையாகப் போட்டுவிடுவார். மாப்பிள்ளை வராத கல்யாணம் மாதிரி அவை சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். பொழுது சாய்ந்ததும் தூசியைத் தட்டி மறுபடி ஏற்றுவார். தன் நாற்காலிகளுக்கு இவ்வளவு கால்பந்து பார்க்கக் கொடுத்துவைத்த வாடகைக் கடைக்காரர் இந்தச் சீமையிலேயே அவர் ஒருத்தர்தான்.

ஒரு நாள் லீக் சங்கத்திலிருந்து சண்முகவேல் போன் செய்தார்.

“போன மேட்சுக்கு எத்தனை பேரு வந்தாங்க, செக்ரட்டரி?”

“நல்ல கூட்டம் சார்.”

“நான்தான் வந்திருந்தேனே. ஒரு ஆளு, ரெண்டு ஆடு.”

“மூணு ஆடு சார். ஒண்ணு கோல் போஸ்டுக்குப் பின்னாடி நின்னுச்சு.”

சண்முகவேல் சிரிக்கவில்லை. “வர்ற ஞாயித்துக்கிழமைதான் உங்க கடைசி ஹோம் மேட்ச். நேர்ல வர்றேன். அன்னைக்கும் வெறும் நாற்காலியைத்தான் காட்டுவீங்கன்னா, அடுத்த வருஷம் உங்க மேட்ச் எல்லாத்தையும் மதுரைக்கு மாத்திருவோம். ஆளே வராத ஊர்ல எதுக்குய்யா விளையாட்டு?”

அந்த மைதானம் சீமைக்கருவேலங்காடாகக் கிடந்த இடம். தூரோடு பிடுங்கி, மண்ணடித்து, குத்தவைத்து உட்கார்ந்து முள் பொறுக்கியவர் மாரீஸ்வரன். அவர் குதிகாலில் இன்னும் ஒரு முள் குடியிருக்கிறது. இங்கே மேட்ச் இல்லை என்றானால் ஒரு மழை போதும், கருவேல் திரும்பி வந்துவிடும். அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மைதானத்தை நிரப்பியே தீருவது என்று முடிவெடுத்தார். ஆட்டோவில் மைக் செட் கட்டி ஊர்வலம் விட்டார். ஜனங்கள் வாசலுக்கு வந்து “யாரு செத்தது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒரு சாயங்காலம் பயிற்சி ஆட்டம் வைத்து ரோஸ்மில்க் இலவசம் என்றார். தூக்குவாளியோடு வந்தார்கள். விசில் ஊதுவதற்குள் வாளியோடு போய்விட்டார்கள்.

டீக்கடையில் பூமிநாதனைப் பிடித்துக் கேட்டார். “ஏன் மாப்ள ஒருத்தரும் வரமாட்டேங்கிறீக?”

“ஆடுற பயலுகள்ல ஒருத்தனாச்சும் நம்ம ஊரா மச்சான்? ஒருத்தன் காரியாபட்டி, ஒருத்தன் திருச்சுழி, இன்னொருத்தன் பாளையம்பட்டி. யாரு பெத்த பிள்ளையோ ஓடுறான். அதை நான் எதுக்கு வெயில்ல நின்னு பாக்கணும்?”

அன்று மத்தியானம் கடையில் மாரீஸ்வரன் பிரியாணி அண்டாவுக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை உதித்தது. விருந்து! மைதானத்திலேயே கறிச்சோறு. மேட்ச் முடிந்த பிறகுதான் பந்தி. சோறு போட்டால் பரளச்சி என்ன, பக்கத்துப் பந்தல்குடியே வரும். அண்டா நம்முடையது. சமைக்கிறவளும் நம்முடையவள்.

சமைக்கிறவள் தங்கலட்சுமி. அவர் மனைவி. வெளியூர்ப் பையன்கள் மேட்ச் அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுவதால் மத்தியானச் சாப்பாடு அவர்களுக்கு எப்போதும் இவள் கையால்தான். ஆடுகிற பதினோரு பேர், சப்ஸ்டிடியூட் பையன்கள், ரெஃப்ரி, சில சமயம் எதிரணி டிரைவர். ஒவ்வொருத்தனும் கிணற்றில் கல் போடுகிற மாதிரி சோற்றை உள்ளே தள்ளுவான். சத்தமே வராது.

மல்லிகைப்பூவும் காரச்சேவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தங்கலட்சுமி பொட்டலத்தைப் பார்த்தாள்.

“எத்தனை பேருக்கு?” என்றாள்.

“என்ன எத்தனை பேருக்கு? சும்மா ஆசையா வாங்கியாந்தேன்.”

“ஆசைன்னா பூ மட்டும் வரும். கூடவே சேவும் வந்தா அண்டா இறக்கணும். எத்தனை பேருக்குன்னு சொல்லுங்க.”

“ஊருக்கு.”

“எந்த ஊருக்கு?”

“ஊருக்கேதான். தங்கம், நல்லா நெனைச்சுப் பாரு. நம்மகிட்ட அண்டா இல்லையா? கரண்டி இல்லையா?”

“கரண்டி நெறையா இருக்கு. பிடிக்கிற கைதான் ரெண்டு இருக்கு.”

“அடுப்பை மைதானத்துலயே போட்டுருவோம். நீ சமைச்சுக்கிட்டே மேட்சும் பாத்துக்கலாம்.”

“உங்க மேட்ச் ஒண்ணாச்சும் நான் பாத்திருக்கேனா? பந்து என்ன கலருன்னு தெரியுமா எனக்கு? இங்கன உக்காந்து அண்டாவைத் தேய்ச்சுக்கிட்டிருப்பேன், அங்கன விசிலு சத்தம் கேக்கும். குக்கருதான்னு எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பாப்பேன்.”

அவர் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு மைதானம் மதுரைக்குப் போகப்போகிற கதையைச் சொன்னார். சொல்லும்போது கை தானாகக் குதிகால் முள்ளைத் தடவியது. தங்கலட்சுமி ஒரு சேவை எடுத்துக் கடித்தாள். ரொம்ப நேரம் மென்றாள்.

“உங்களுக்குக் கூட்டம் வேணும். அம்புட்டுத்தானே?”

“அம்புட்டுத்தான்.”

“நான் கூட்டியாரேன். எப்பிடின்னு கேக்கக் கூடாது. நான் பண்ணுற ஏற்பாட்டை மாத்தக் கூடாது. இந்த மேட்சுக்கு மட்டுமில்ல, டீமு இருக்குற வரைக்கும்.”

“அய்யனார் மேல சத்தியம்” என்றார் மாரீஸ்வரன், அவள் முடிக்கும் முன்பே. மனசுக்குள் விசிலடித்துக்கொண்டார். பூவுக்கும் சேவுக்கும் ஊர் விருந்தே படிந்துவிட்டது! பெண்டாட்டியை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவன் உலகத்தையே ஆளலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்கு இப்படித் தோன்றுவது அபூர்வம். தோன்றின உடனே ஏதாவது நடந்துவிடும்.

மறுநாள் அவள் தெருவில் இறங்கினாள். பின்னாலேயே மாரீஸ்வரன் வண்டியை உருட்டிக்கொண்டு போனார். முதல் வீடு மாயக்காள். அந்தத் தெருவிலேயே நிலம்நீச்சுள்ள பெரிய சம்சாரி வீடு. அதைவிடப் பெரியது அவர்களுடைய வீம்பு.

“மதினி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்கு ஒரு பையனைச் சாப்பிட அனுப்புறேன். ஒத்தப் பையன்தான். ஒம்பதாம் நம்பரு. உங்க தெருவுக்குன்னு ஒதுக்கியிருக்கு.”

“நான் எதுக்குத்தா போடணும்?”

“கஷ்டம்னா வேணாம் மதினி. மேலத்தெருவுல ஆவுடைத்தாய் அக்கா ஆட்டுக்கறி எடுக்குறாகளாம். நீங்க சும்மா ஒரு ரசம் வச்சாக் கூடப் போதும்.”

“ரசமா!” மாயக்காளின் குரல் தெருக்கோடி வரை போனது. “ஆவுடைத்தாய் கறி எடுப்பா, நாங்க ரசம் வப்பமா? என்னத்தா பேசுற? நாட்டுக்கோழி அடிக்கிறேன். நல்லா திங்குற பையனா அனுப்பு.”

அடுத்து ஆவுடைத்தாய் வீடு. அங்கே கறி பற்றி அதுவரை ஒருத்தரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. “மாயக்காள் மதினி நாட்டுக்கோழி அடிக்கிறாக” என்று தங்கலட்சுமி உண்மையைத்தான் சொன்னாள். ஆட்டுக்கறி உடனே உறுதியானது. புதுசாகக் கல்யாணமாகி வந்த யுவராணி மட்டும், “அக்கா, எனக்கு நெசமாவே ரசந்தான் வைக்கத் தெரியும்” என்று கண் கலங்கினாள். “அருப்புக்கோட்டை ஃபைசல்னு ஒரு பையன். ஏழாம் நம்பரு. கூச்சப்படுவான். அவனை உனக்கு விடுறேன்” என்று தோளைத் தட்டினாள் தங்கலட்சுமி.

இப்படிப் பதினோரு தெருவுக்குப் பதினோரு வீடு. சப்ஸ்டிடியூட் பையன்களுக்குத் தனியாகச் சண்டையே வந்தது. மாரீஸ்வரன் கலங்கிப்போனார்.

“மேட்சுக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே, தங்கம்!”

“சொல்லக் கூடாது. சொன்னா வரமாட்டாக.”

“அப்புறம் எப்பிடி...”

“எப்பிடின்னு கேக்கக் கூடாது.”

அய்யனார் மேல் செய்த சத்தியம் அவருக்கு ஞாபகம் வந்தது. போச்சு, மைதானம் மதுரைக்குப் போயேவிட்டது என்று அன்று முழுக்க மனம் விட்டுப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பரளச்சித் தெருக்களில் மசாலா வாசம் புகைமூட்டமாக நின்றது. மாரீஸ்வரன் வழக்கம்போல நாற்காலிகளைப் போட்டு முடித்து, அதில் ஒன்றில் தானே உட்கார்ந்தார். தன் நாற்காலி எவ்வளவு இடுப்பை வலிக்கவைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் சண்முகவேல்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரைமேல் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே மாயக்காள். அவளுக்கு முன்னால், பெண் பார்க்க அழைத்துவரப்பட்ட மாப்பிள்ளை மாதிரி தலைகுனிந்தபடி ஒன்பதாம் நம்பர். பின்னால் அவள் வீட்டார். அதற்குப் பின்னால் அவள் தெரு.

இன்னொரு பக்கம் ஆவுடைத்தாயும் மேலத்தெருவும். பள்ளிவாசல் பக்கமிருந்து ஹாஜா நஜ்முதீன் தன் வீட்டில் சாப்பிட்ட கோல்கீப்பரின் தோளில் கைபோட்டபடி வந்தார். பின்னால் அவர் மனைவி ஜைனப், விசிறியோடு. கரை முழுக்கத் தலை. சாப்பாடு போட்டு அனுப்பிய பிள்ளை என்ன செய்யப்போகிறான் என்று பார்க்காமல் யாருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலி தீர்ந்தது. கடையில் போய் ஜமக்காளம் எடுத்து வந்தார்கள். அதுவும் தீர்ந்தது. லோடு வண்டியின் மேல் ஏறினார்கள். பூமிநாதன் வண்டி கேபின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

மாரீஸ்வரன் எழுந்து நின்றார். முள் பொறுக்கிய காலத்தில் கனவு கண்டதுகூட இதில் கால்வாசிதான். சண்முகவேலைப் பார்த்தார். அவருடைய நாற்காலியில் ஏற்கெனவே வேறு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

விசில் ஊதியது. ஒன்பதாம் நம்பர் ஓட முயன்றான். நாட்டுக்கோழி விடவில்லை.

“ஏலே, எம்புட்டுத் தின்ன! ஓடுலே!” என்றாள் மாயக்காள்.

“கோழி தின்னவன் கொத்தத்தான் செய்வான், ஓடுவானா?” என்றாள் ஆவுடைத்தாய். சொன்ன கையோடு அவள் வீட்டு ஐந்தாம் நம்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“இந்தப் பத்தாம் நம்பருக்கே பந்து போகுதே, எங்க பையனுக்கும் ஒருதரம் குடுங்கப்பா! பந்தியில ஓரவஞ்சனை பண்ணலாமா?” என்று ஜைனப் ரெஃப்ரியைக் கேட்டாள். அவர்கள் பையன் கோல்கீப்பர்.

எதிரணி சாவகாசமாக மூன்று கோல் போட்டது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரம். அந்த மைதானத்திலேயே ரசம் சாப்பிட்ட ஒரே கால்கள் பந்தை எடுத்தன. ஃபைசல் ஓரமாகக் கிளம்பினான். ஒருத்தனைத் தாண்டினான். இன்னொருத்தனைத் தாண்டினான். யுவராணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கரை முழுக்கச் சத்தம் அடங்கியது. அவ்வளவு பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று மாரீஸ்வரன் அன்றுதான் கண்டார். பந்து வலைக்குள் போனது.

எழும்பிய சத்தத்தில் கம்மாய்க்குள் கருவேலங்காட்டில் இருந்த மயில்களெல்லாம் கிளம்பிப் பறந்தன. மாரீஸ்வரன் அழுதார். வெளிப்படையாக, துண்டால் துடைத்துத் துடைத்து அழுதார். கண்ணீருக்கு நடுவே கூட்டத்தில் தங்கலட்சுமியைத் தேடினார். அவள் ஜமக்காளத்தின் நட்டநடுவில், தலையில் துண்டு கட்டி, நின்றுகொண்டு ரெண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. தெய்வத்தைப் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்து பார்த்தார்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். ஊர் ஜெயித்த மாதிரி பையன்களைத் தூக்கிக்கொண்டு போனது. ரசத்துக்கு எத்தனை மிளகு என்று யுவராணியைச் சுற்றிப் பெரிய கூட்டம்.

“இனி உங்க மேட்சை மதுரைக்கு மாத்துனா அந்த அம்மாக்கள் எங்களைச் சும்மா விடுவாங்களா?” என்று சண்முகவேல் நின்ற இடத்திலேயே சொன்னார். “அடுத்த வருஷம் எல்லாம் இங்கேதான்.”

மாரீஸ்வரன் நாற்காலியெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, பசியும் பெருமையுமாக வீட்டுக்கு வந்தார். காலையிலிருந்து வயிற்றில் டீயைத் தவிர ஒன்றும் இல்லை. அடுப்பு சில்லென்று கிடந்தது. அண்டா எல்லாம் தேய்க்காமலே பளபளவென்று கவிழ்ந்திருந்தன. ஏழரை மணிக்கு மேல் தங்கலட்சுமி வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. வாசலில் நின்று ஜைனப்பிடம் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கையை ஆட்டி விளக்கி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

“தங்கம்! நீ சாதாரண ஆளு இல்ல” என்றார் மாரீஸ்வரன், மனசார. “உனக்கு ஊரே கடன்பட்டிருக்கு. சரி, சோத்தைப் போடு.”

“ஞாயித்துக்கிழமையா? ஞாயித்துக்கிழமை இனி இந்த வீட்டுல அடுப்பு எரியாது. மேட்ச் பாக்க வேண்டாமா?”

“அப்ப எனக்கு?”

“உங்களையும் சேத்துத்தான் ஒதுக்குனேன். பையன்களை நான் நீன்னு எடுத்துக்கிட்டாக. செக்ரட்டரின்னதும் ஒருத்தரும் வாயைத் தொறக்கல. கடைசில மாயக்காள் மதினிதான் பாவம் பாத்து, சப்ஸ்டிடியூட்டா வச்சுக்கிறேன்னாக. அவுக பையன் என்னைக்காச்சும் சாப்பிட வரலைன்னா கூப்பிடுவாக. போனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருங்க.”