முதலாம் ஆண்டு விண்ணப்பமும் பாதிப்பங்குப் பிரிண்டரும்

பிரிண்டர் வயரின் முனை பெருவிரல் பருமன் இருந்தது. உமாசுதனின் புது லப்டொப்பில் இருந்த ஓட்டை அரிசிமணிக்குத்தான் காணும்.

"சப்ரி, இதுக்குள்ள இது எப்பிடிப் போகும்?"

"கொஞ்சம் தள்ளிப் பாருங்க மச்சான்."

"தள்ளி உடைக்கவோ இதை வாங்கினனான்?"

வெள்ளவத்தையில் அந்த மாடிக்கட்டடத்தின் மூன்றாம் தட்டில் உமாசுதன் வீடும் சப்ரி வீடும் எதிரெதிர். பதினொரு வருசத்துக்கு முன்னர் இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பிரிண்டர், சப்ரியின் ஹோலில் அவருடைய பழைய கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் குடியிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. உமாசுதன் தன் ஒரே மகளை முதலாம் ஆண்டில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பாடசாலைக் கந்தோர் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடும். விண்ணப்பம் ஈமெயிலில் வந்து இரண்டு கிழமை. புது லப்டொப் வரட்டும், வடிவாகத் தட்டச்சுச் செய்து கொடுப்போம் என்று பொறுத்திருந்தான். முந்தின நாள்தான் நிரப்பி முடித்தான். இன்றைக்கு லீவும் போட்டாயிற்று.

"கீழ கொம்யூனிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்தால் அஞ்சு நிமிச வேலை," என்றாள் மனைவி ரூபிகா, வாசலில் நின்றபடி.

"சொந்தமாப் பிரிண்டர் இருக்கேக்க நான் கடையில போய் வரிசையில நிக்கிறதோ?"

"சரி, உங்கட விருப்பம்."

"பிள்ளையின்ர எதிர்காலம் இதில தொங்குது. உமக்கு ஒரு பதட்டமும் இல்லையே?"

"நான் பதட்டப்பட்டால் பிரிண்டர் வேலை செய்யுமோ?" அவள் வெண்டிக்காய் வெட்டப் போய்விட்டாள்.

உமாசுதன் காலி வீதிக்கு ஓடி, பெரிய முனையைச் சின்ன ஓட்டைக்குள் செருக வைக்கும் ஒரு குட்டிச் சாமானை வாங்கி வந்தான். செருகினான். பிரிண்டர் ஒருமுறை முனகியது. லப்டொப், 'இது என்னவென்று எனக்குத் தெரியாது' என்ற மாதிரி ஒரு செய்தி போட்டது.

"அதுக்கு சொஃப்ட்வெயார் போடணும் மச்சான்," என்ற சப்ரி, அலுமாரியைக் கவிழ்த்து, கலியாண அழைப்பிதழ்களுக்கு அடியிலிருந்து ஒரு சீடியை எடுத்தார். முகமெல்லாம் பெருமை. "பாத்தீங்களா, நான் ஒண்டையும் வீசுறல்ல."

உமாசுதன் லப்டொப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். சீடி போட இடமே இல்லை.

"மூண்டு லட்சம் குடுத்து வாங்கினது, ஒரு சீடி போட வழியில்ல?" சப்ரி உண்மையான கவலையுடன்தான் கேட்டார். உமாசுதனுக்குத்தான் அது குத்தலாகக் கேட்டது.

சீடியைப் பழைய கொம்பியூட்டரில் போட்டு, பென்டிரைவில் ஏற்றி, அதை லப்டொப்புக்கு மாற்ற ஒரு மணித்தியாலம் போயிற்று. கடைசியில் லப்டொப் ஒரு கேள்வி கேட்டது: திரும்ப ஆரம்பிக்கவா? உமாசுதன் சந்தோசமாக ஓம் என்று அழுத்தினான்.

திரை நீலமானது. 'புதுப்பித்தல் நடக்கிறது. நூற்றுக்கு மூன்று வீதம். கொம்பியூட்டரை நிறுத்த வேண்டாம்.'

பத்து நிமிசம் கழித்துப் பார்த்தான். நாலு வீதம்.

"ஐயோ, ஃபோம் இதுக்குள்ளயெல்லோ கிடக்கு!"

"டென்ஷன் ஆகாதீங்க. ஈமெயில்ல வந்ததுதானே? என்ட கொம்பியூட்டர்ல திறந்து திரும்ப அடிப்போம்."

திறந்தார்கள். அந்தக் கிழட்டுக் கொம்பியூட்டருக்குத் தமிழ் எழுத்து பிடிபடவில்லை. விண்ணப்பம் முழுக்கச் சதுரம் சதுரமாக நின்றது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஆறு சதுரம், தாய் பெயருக்கு ஐந்து.

"திரையில அப்பிடித்தான் தெரியும், பேப்பர்ல சரியா வரும், பேனையால நிரப்பலாம்," என்று சப்ரி வயரைத் தன் கொம்பியூட்டருக்கு மாற்றி, பிரிண்ட் பொத்தானை அழுத்தினார். அசைவில்லை. திரும்ப அழுத்தினார். கொஞ்சம் கோபமாகப் பல தடவை அழுத்தினார்.

பிரிண்டர் திடீரென்று உயிர்பெற்றது. சதுரங்கள் போட்ட தாளைக் கக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, எட்டு, பதினைந்து.

"நிப்பாட்டுங்கோ!"

"நிக்குதில்ல மச்சான்!"

"வயரைப் பிடுங்குங்கோ!"

வயரைப் பிடுங்கியபோது வீட்டில் வெள்ளைத் தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. மணி பதினொன்று பத்து. ஜும்மாத் தொழுகைக்குப் போக வேண்டிய சப்ரி கடிகாரத்தையும் உமாசுதனையும் மாறி மாறிப் பார்த்தார். உமாசுதன் கதிரையில் சரிந்து இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். மகள் சீருடை போட்டு வேறு ஏதோ ஒரு பாடசாலை வாசலில் அழுதுகொண்டு நிற்பதாக ஒரு காட்சி அவன் கண்ணுக்குள் வந்து போனது.

அந்த நேரம் லப்டொப் தன்பாட்டில் விழித்தது. விண்ணப்பம் அப்படியே இருந்தது. வயரைத் திரும்ப அதில் கொழுவியதும், காலையில் யாரென்றே தெரியாது என்று சொன்ன பிரிண்டரை லப்டொப் பேர் சொல்லி அழைத்தது.

"தாள்! ஆராவது ஒரு தாள் தாங்கோ!"

சப்ரி உள்ளே ஓடி, தன் துணிக்கடை நோட்டீசுக்கு வைத்திருந்த தாளில் கொஞ்சத்தைக் கொண்டுவந்தார். அத்தனையும் றோஸ் நிறம்.

"வேற நிறம் இல்லையோ?"

"பச்சை இரிக்கி. கிளிப்பச்சை."

றோஸ் நிறத்தில் விண்ணப்பம் வந்தது. ஓர் எழுத்துப் பிசகவில்லை. உமாசுதன் சறத்தைக் கழற்றிக் களிசானை மாட்டிக்கொண்டு, படிகளில் பாதியைத் தாண்டிப் பாய்ந்து, ஓட்டோ பிடித்தான். காலி வீதியில் எல்லாச் சிவப்பு விளக்குகளும் அவனுக்காகவே எரிந்தன. பாடசாலைக் கந்தோருக்குள் அவன் விழுந்தடித்து நுழைந்தபோது, லிகிதர் நிஷாந்தி கண்ணாடி யன்னலைப் பாதி இழுத்துவிட்டிருந்தாள்.

"மிஸ், பூட்டாதேங்கோ! இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு!"

வியர்வையில் நனைந்த றோஸ் தாளை நீட்டினான். "நிறத்தைப் பாக்காதேங்கோ மிஸ். பிரிண்டர் ஒரு பக்கம், லப்டொப் ஒரு பக்கம், காலையில இருந்து நான் படாத பாடில்லை. தயவுசெய்து இதை எடுங்கோ."

நிஷாந்தி தாளை வாங்கிப் பெயரை வாசித்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் ரூபிகா அக்கான்ர ஹஸ்பண்டோ?"

"ஓம். ஏன், ஏதும் பிழையோ?"

"ஒரு பிழையுமில்லை சேர். அக்கா போன கிழமையே கையால எழுதிக் கொண்டு வந்து தந்திட்டா. 'கடைசி நாள் இவரும் ஒண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார், அதையும் வாங்கி வையுங்கோ, பாவம்' எண்டு சொல்லிப் போட்டுத்தான் போனவ."