பாட்டு நின்றது, நான் எழுந்தேன்

கையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தப் பாட்டும் காதில் ஏறாது. எப்போது முடியும், எப்போது மேடை ஏறலாம் என்பதிலேயே குறியாக இருப்பான். அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்குக் கணபதி ஏரியாவில் மோட்டார் பம்பு பட்டறை. மகள் நிவேதா பியானோ வாசிப்பாள். வீட்டில் எலெக்ட்ரிக் கீபோர்டு, காதில் ஹெட்போன். அவளுக்கு இசை, எங்களுக்கு டக் டக் என்று கட்டைச் சத்தம் மட்டும். (பாப்பா டைப்ரைட்டிங் படிக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.) அப்படிப்பட்டவளுக்கு அன்று அரங்கத்தில் கச்சேரி. இசைக் கல்லூரியில் அவளைச் சேர்ப்பதா என்று முடிவுசெய்ய, சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார்.

விடுவேனா? தாராபுரத்திலிருந்து மச்சினன் தலைமையில் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களை இறக்கிவிட்டேன். நம் பக்கம் பொன்னாடை போர்த்தாமல் ஒரு விசேஷம் முடியுமா? சரிகை அகலமாகப் பார்த்து ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

காரில் போகும்போதே நிவேதா விளக்கினாள்.

"ரெண்டு பாட்டுங்கப்பா. ரெண்டும் அந்தக் காலத்து ஜெர்மனிக்காரங்களோடது. மொதல்ல அப்பா எழுதுனது, அப்புறம் அவரு மகன் எழுதுனது. மகன் எல்லாத்தையும் புதுசாப் பண்ணிப்போட்டாருங்க. அவரு பாட்டு நடுவுல திடீர்னு..."

அந்த நேரம் பார்த்து ஒரு கஸ்டமர் போன் செய்தார். மோட்டாரில் கம்பிச்சுருள் புகைந்துவிட்டதாம். அவரைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் அரங்கம் வந்துவிட்டது.

அப்பா பாட்டு எனக்கு உடனே பிடித்துப்போனது. நல்ல மோட்டார் மாதிரி, கிளம்பிய வேகம் குறையாமல் ஓடி ஒழுங்காக வந்து நின்றது. அடுத்து மகன் பாட்டு. தடதடவென்று புறப்பட்டு, கொஞ்சி, கோபித்து, சட்டென்று நின்றது. அரங்கமே அமைதி.

"மச்சான், முடிஞ்சுபோச்சுங்க, போங்க போங்க!" என்று மச்சினன் என்னைத் தள்ளினான். வேனில் வந்தவர்கள் மொத்தமும் கைதட்டினார்கள்.

பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி மேடையேறி அவள் பின்னால் போய் நின்றேன். பாட்டு மறுபடி கிளம்பியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போர்த்தினால் வாசிப்பு கெடும். இறங்கினால் மானம் போகும். (அது ஏற்கெனவே போய்விட்டது என்று மனைவி பிறகு சொன்னாள்.) மெதுவாக மடிக்க ஆரம்பித்தேன். பாட்டு நின்றது. அவசரமாக விரித்தேன். கிளம்பியது. முன்வரிசையில் பேராசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளையின் படிப்பில் நானே மண்ணள்ளிப் போட்டுவிட்டேன் என்று வியர்த்துக் கொட்டியது.

அடுத்த முறை நின்றபோது நிவேதா திரும்பினாள்.

"இன்னும் இருக்குதுங்கப்பா. இப்படி உக்காருங்க."

இசைத்தாள் புரட்டிக்கொடுப்பவருக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியைக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். உட்கார்ந்தேன். அவள் விரல்களை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் டக் டக் என்று கேட்டதெல்லாம் இதுதானா? வெட்கம் போன இடம் தெரியவில்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்று நெஞ்சு பூரித்துப்போனது.

கடைசியில் நிஜமாகவே முடிந்தபோது, நான் எழவே இல்லை.

"இப்பத்தானுங்கப்பா முடிஞ்சுது" என்று அவள்தான் என் தோளைத் தட்டினாள்.

"இத்தனை கூத்துலயும் ஒரு இடத்துல தடுமாறலையே! இந்தப் பொண்ணு எங்களுக்கு வேணும்" என்றார் பேராசிரியை.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால், "முடிஞ்சுதா, பொன்னாடையை எடுக்கட்டுங்களா?" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

போன மாதம் சென்னையில் அவள் கச்சேரி. அதே மகன் பாட்டு. சட்டென்று நின்றதும் அரங்கம் முழுக்கக் கைதட்டியது. தாராபுரத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. மச்சினன் எட்டி, முன்சீட்டுக்காரர் தோளைத் தொட்டான்.

"ஏனுங்க, அவசரப்படாதீங்க. இன்னும் இருக்குதுங்க."